உதட்டுக் கொப்புளமும் உள்ளத்து அச்சமும்



சில நோய்களைப் பற்றி நாம் கல்யாண வீட்டுப் பந்தியில் அமர்ந்தும் பேசுவோம். ஒருவர் தமக்குச் சர்க்கரை 250 என்பார். அடுத்தவர் தமக்கு 300 என்பார். இருவருமாகச் சிரித்துக்கொண்டே இனிப்பையும் எடுத்துக் கொள்வார்கள். வேறு சில நோய்களின் பெயரையோ, கதவைத் தாழிட்டுக் கொண்டும் உச்சரிக்கத் தயங்குவோம். அத்தகைய நோய்களுள் ஒன்று ஹெர்பீஸ்.

பேசப்படாத நோய்க்கு மருந்து கிடைப்பது தாமதமாகிறது. அதைவிட, பேசப்படாத அச்சம் ஒரு குடும்பத்தையே குலைத்து விடுகிறது. மனைவியின் பார்வைக்கு அஞ்சும் கணவன், கணவனின் கேள்விக்கு அஞ்சும் மனைவி, தம் பிள்ளையை அள்ளி முத்தமிடவும் அஞ்சும் தாய் என்று இவ்வச்சம் பல வடிவம் எடுக்கிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வீதிக்கு வீதி மருத்துவமனைகளும் பரிசோதனைக் கூடங்களும் இருக்கின்றன. எனினும், இவ்வச்சத்தை வாய்விட்டுச் சொல்ல இடமின்றித் தவிப்போர் அவ்வீதிகளிலேயே இருக்கத்தான் செய்கின்றனர். அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வோருக்காகவும் இதனை எழுதுகிறோம்.

நோய் இன்னதென்று அறிவோம்

ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸ் கிருமியில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டையும் வாயையும் பற்றும். காய்ச்சல் விட்ட மறுநாள் உதட்டோரத்தில் கொத்தாகச் சிறு கொப்புளங்கள் எழுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். உடம்புச் சூடு என்றும், பூச்சி ஏதோ எச்சமிட்டு விட்டது என்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடும் அக்கொப்புளம் பெரும்பாலும் இக்கிருமியின் வேலைதான். இரண்டாம் வகை பெரும்பாலும் மறைவிடத்தைப் பற்றும். முதல் வகையும் வாயின் வழியாக மறைவிடத்திற்குப் பரவக் கூடும்.

இக்கிருமி எவ்வளவு பேரிடம் இருக்கிறது என்பதை அறிந்தாலே அச்சத்தில் பாதி குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் 50 வயதுக்கு உட்பட்டோருள் 380 கோடிப் பேரிடம், அதாவது நூற்றுக்கு 64 பேரிடம், முதல் வகைக் கிருமி இருந்தது. 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் சுமார் 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகை இருந்தது. இவர்களுள் பெரும்பாலோர் தம் உடம்பில் இது இருப்பதை அறியாமலே வாழ்கின்றனர்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக் கொள்வோம். நம் ஊரில் ‘அக்கி’ என்று சொல்லப்படுவது வேறு நோய். மேனியின் ஒரு பக்கமாகப் பட்டை போல் எழுந்து எரியும் அவ்வக்கியை மருத்துவர் ‘ஹெர்பீஸ் ஜோஸ்டர்’ என்பர். அது சின்னம்மை போட்டவரின் உடம்பில் ஒளிந்திருந்த அம்மைக் கிருமி பின்னாளில் விழித்தெழுவதால் வருவது. குயவர் வீட்டிற்குச் சென்று காவிக் குழம்பால் அக்கி எழுதிக் கொள்ளும் வழக்கம் அந்நோய்க்கு உரியது. மருத்துவர் சீட்டில் ‘ஹெர்பீஸ் ஜோஸ்டர்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு, அக்கி வந்த முதியவரின் ஒழுக்கத்தை ஐயுறுவது அறியாமையின் உச்சம். பெயரின் முற்பாதிதான் ஒன்று. கிருமி வேறு, வரும் வழி வேறு.

ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் கிருமி முதன்முறை உடம்பில் நுழைந்த பின், நரம்பு வழியே பின்வாங்கி, நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது. உதட்டில் நுழைந்தது முகத்து நரம்பு முடிச்சிலும், மறைவிடத்தில் நுழைந்தது முதுகெலும்பின் அடிப்பகுதியிலுள்ள முடிச்சிலும் தங்கிவிடும். அவ்வுறக்கம் சில வாரமும் நீடிக்கும். பல ஆண்டுகளும் நீடிக்கும். உறங்கும் கிருமியை அடியோடு அழிக்கும் மருந்தோ, தொற்றாமல் காக்கும் தடுப்பூசியோ இதுவரை புழக்கத்திற்கு வரவில்லை. ஆனால் எழும் புண்ணை விரைவில் ஆற்றவும், எழாமல் அடக்கவும் நல்ல மருந்து உண்டு. அசைக்ளோவிர் என்னும் அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக்குழுவை வழிநடத்திய ஜெர்ட்ரூட் எலியன் என்ற பெண் விஞ்ஞானி, 1988-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். அம்மருந்து இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது.

ஒரு தாளால் உடையும் உறவு

இனி, நம் குடும்பங்களில் பெரும் துயருக்குக் காரணமாகும் ஒரு செய்திக்கு வருவோம்.

கருத்தரித்த பெண்ணுக்கோ, கருச்சிதைவுற்ற பெண்ணுக்கோ ‘டார்ச்’ என்னும் இரத்தப் பரிசோதனை எழுதித் தரப்படுவது இங்கு வழக்கமாக இருக்கிறது. பல கிருமிகளுக்கான சோதனையை ஒன்றாகக் கோத்த அத்தொகுப்பின் கடைசி எழுத்து ஹெர்பீஸைக் குறிக்கும். மாலையில் அறிக்கை வருகிறது. ‘ஹெர்பீஸ் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. மருத்துவரைப் பார்க்கும் முன்பே கணவர் கைப்பேசியில் அச்சொல்லைத் தேடுகிறார். ‘பாலுறவால் பரவும் நோய்’ என்ற வரி கண்ணில் படுகிறது. அன்றிரவு அவ்வீட்டில் அடுப்பு எரிவதில்லை.

சகோதரர்களே, சற்றுப் பொறுங்கள்! அந்தத் தாள் சொல்வது என்ன? ஐ.ஜி.ஜி. என்பது உடம்பு எப்போதோ ஒரு காலத்தில் அக்கிருமியைச் சந்தித்து, அதற்கெதிராகக் காப்புப் பொருளை உண்டாக்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம். முதல் வகையையும் இரண்டாம் வகையையும் பிரித்துக் காட்டாத சோதனையாயின், ஐந்து வயதில் பாட்டியார் கன்னத்தில் முத்தமிட்டபோது பெற்ற உதட்டுக் கிருமிக்கும் ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். நூற்றுக்கு 64 பேரிடம் காணப்படும் ஒன்றைக் கொண்டு ஒரு பெண்ணின் கற்பை எடைபோட இயலுமா?

ஐ.ஜி.எம். என்ற மற்றொரு எண்ணும் அதே தாளில் இருக்கும். ‘அது புதிய தொற்றைக் காட்டும்’ என்று பலர் நம்புகின்றனர். ஹெர்பீஸைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை சரியன்று. பழைய தொற்று மீண்டும் எழும்போதும் அது தோன்றக் கூடும், தொடர்பற்ற வேறு காரணங்களாலும் தோன்றக் கூடும். வகை பிரிக்கும் ஐ.ஜி.ஜி. சோதனையிலும், அளவு எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டியிருந்தால் அது பொய்யான முடிவாக இருக்க வாய்ப்புண்டு. வேறொரு முறையால் உறுதி செய்தாக வேண்டும். இக்காரணங்களால்தான், புண்ணோ வேறு அறிகுறியோ இல்லாதவர்களுக்கு இரத்தத்தில் ஹெர்பீஸைத் தேட வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016-இலும், மறுபடியும் 2023-இலும் பரிந்துரைத்தது. புண் இருக்கும்போது அதிலிருந்து பஞ்சில் தொட்டெடுத்துச் செய்யும் சோதனையே நம்பத் தக்கது.

மறைவிடத்தில் உண்மையாகவே புண் வந்து, ஹெர்பீஸ் என உறுதியாகிவிட்டது என்றே கொள்வோம். அப்போதும், ‘யாரிடமிருந்து, எப்போது?’ என்ற கேள்விக்கு மருத்துவ அறிவு விடை சொல்வதில்லை. கிருமி பல ஆண்டுகள் ஓசையின்றி உறங்கியிருக்கலாம். முதல் திருமணத்தில் பெற்றது இரண்டாம் திருமணத்தில் வெளிப்படலாம். உதட்டிலிருந்து மறைவிடத்திற்கு, தம்பதியருக்குள்ளேயே மாறியிருக்கலாம். வளைகுடாவில் இரண்டாண்டு உழைத்துத் திரும்பிய கணவர் வந்த மாதத்திலேயே மனைவிக்குக் கொப்புளம் கண்டால், இருவர் மனத்திலும் ஒரே ஐயம் எழும். இருவர் ஐயமும் பொய்யாக இருக்கக் கூடும். சாட்சியின்றி ஒரு பெண்ணின் மீது பழி சுமத்துவதை நம் மார்க்கம் எத்துணைக் கடும் பாவமாக வைத்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். பரிசோதனைத் தாள் அத்தகைய சாட்சியாகாது.

எதனால் தொற்றும், எதனால் தொற்றாது?

நோயைவிட அதிகமாகப் பரவியிருப்பவை வீண் அச்சங்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பள்ளிவாசல் ஹவுளில் உளூச் செய்வதால் தொற்றுமா? தொற்றாது. ஒரே முஸல்லாவில் தொழுதால்? தொற்றாது. கழிப்பறை இருக்கை, குளியலறை வாளி, படுக்கை விரிப்பு, சோப்பு, துண்டு ஆகியவற்றாலும் தொற்றுவதில்லை. உடம்பை விட்டு வெளியே வந்த இக்கிருமி வெகுவிரைவில் செயலிழந்து விடுகிறது. ஆதலால், வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறதென்று அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியே வைப்பதும், ஸஹனில் கூடி உண்ணும்போது அவரை ஒதுக்குவதும் தேவையற்றவை, மனத்தைப் புண்படுத்துபவை. உதட்டில் ஈரமான புண் இருக்கும் சில நாள்களில் மட்டும் எச்சில் படும் பொருள்களைத் தாமே தனியே வைத்துக் கொள்வது நற்பழக்கம். அது சளி பிடித்தவரும் செய்ய வேண்டியதே.

தோலோடு தோல் நேரடியாக உராய்வதாலேயே இது பெரும்பாலும் தொற்றுகிறது. புண்ணோ, புண்ணுக்கு முன்வரும் அரிப்போ எரிச்சலோ குத்தலோ இருக்கும்போது தொற்றும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே அந்நாள்களில் தாம்பத்தியத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். உதட்டில் புண் இருந்தால் முத்தத்தைத் தவிர்க்க வேண்டும்.

புண் இல்லாத நாள்களிலும் கிருமி சில வேளைகளில் தோலின் மேற்பரப்பில் வெளிப்படுவதுண்டு. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டாம் வகைக் கிருமி உள்ளவர்களுள் நோய்க்குறி கண்டவர்களிடம் நூற்றுக்கு 20 நாள்களிலும், நோய்க்குறியே காணாதவர்களிடம் நூற்றுக்கு 10 நாள்களிலும் அது காணப்பட்டது. இதைப் படித்ததும் ‘அப்படியானால் என் மனைவிக்கு இன்றோ நாளையோ தொற்றியே தீருமே’ என்று ஒருவர் கலங்கலாம். கிருமி வெளிப்படுவதெல்லாம் தொற்றாகி விடுவதில்லை. கணவன் மனைவி இருவருள் ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகைக் கிருமி இருந்த 1,484 தம்பதியரை எட்டு மாதங்கள் கவனித்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. மருந்தில்லா மாத்திரை பெற்ற 741 தம்பதியருள் 27 பேருக்குத் தொற்றியது. வாலாசைக்ளோவிர் மாத்திரையை நாள்தோறும் ஒன்று உட்கொண்ட 743 தம்பதியருள் 14 பேருக்குத் தொற்றியது. இரு சாராருக்கும் பாதுகாப்பான உறவு குறித்த ஆலோசனையும் தரப்பட்டிருந்தது. எட்டு மாதங்கள் கூடி வாழ்ந்தும், மருந்தில்லாத சாராரிலேகூட நூற்றுக்கு 96 வீடுகளில் தொற்றவில்லை என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். ஆணுறையும் இவ்வாய்ப்பைக் குறைக்கிறது. ஆயினும் அது மூடாத தோற்பகுதியும் உண்டாதலால் முழுக்காப்பு ஆகாது.

கத்னாச் செய்திருப்பதால் நமக்கு இது வராது என்று எண்ணுவோரும் உளர். உகாண்டாவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, கத்னாவால் இரண்டாம் வகைத் தொற்று சுமார் 28 விழுக்காடு குறைவதாகக் கண்டது. குறைகிறது என்பது உண்மை. வரவே வராது என்பது உண்மையன்று.

மீண்டும் மீண்டும் வருமா?

புண் ஆறியபின் அடுத்த அச்சம் தொடங்குகிறது. நாற்காலியில் அமரும்போது ஒரு குத்தல், உடனே, ‘வந்துவிட்டதோ?’ துணி உராய்ந்து ஓர் அரிப்பு, உடனே, ‘வந்துவிட்டதோ?’ நாளைக்குப் பத்து முறை குளியலறைக்குச் சென்று கண்ணாடியில் பார்க்கும் நிலை.

உண்மை நிலை என்ன? மறைவிடத்தில் இரண்டாம் வகை வந்தவர்களுக்கு முதலாண்டில் சராசரியாக நான்கு முறை திரும்பலாம். முதல் வகையாயின் ஓராண்டில் ஒருமுறை அளவே திரும்பும். பலருக்கு அதுவும் இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல இரு வகையிலும் எண்ணிக்கை குறைந்து கொண்டே போகிறது. திரும்ப வருவது முதல்முறையைப் போல் கடுமையாகவும் இராது. அடிக்கடி திரும்புவோர்க்கு நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை, திரும்பும் தடவைகளை நூற்றுக்கு 70 முதல் 80 வரை குறைக்கிறது. எப்போதாவது வருவோர், குத்தல் தோன்றிய அன்றே மாத்திரையைத் தொடங்கினால் போதும். வீட்டில் ஒரு முறைக்குரிய மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்திருப்பதே மனத்திற்குப் பெரிய ஆறுதல். அடக்கி வைக்கும் அசைக்ளோவிர் மாத்திரை பொதுவாக நாளைக்கு இருவேளையே தரப்படுவதால், ரமலானில் ஸஹருக்கு ஒன்றும் இஃப்தாருக்கு ஒன்றுமாக உட்கொள்ளும் வகையில் மருத்துவரிடம் கேட்டு அமைத்துக் கொள்ளலாம். இரவில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

கவலைக்கும் திரும்ப வருவதற்கும் உள்ள உறவு பற்றி 1999-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மறைவிட ஹெர்பீஸ் உள்ள பெண்களைத் தொடர்ந்து கவனித்த அவ்வாய்வில், வாரக்கணக்கில் நீடித்த மனநெருக்கடி மறுபடியும் புண் எழுவதை அதிகப்படுத்தியது. ஓரிரு நாள் வந்துபோன கவலையோ கோபமோ அவ்வாறு செய்யவில்லை. ஆகவே, ‘நேற்றுப் பிள்ளையைத் திட்டினேன், அதனால் வந்துவிடுமோ’ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நோயைப் பற்றிய அச்சத்தையே மாதக்கணக்கில் சுமந்து திரிந்தால், அச்சம் நோயை எழுப்பும். எழுந்த நோய் அச்சத்தை வளர்க்கும்.

வஸ்வாஸ் என்னும் சுழல்

ஒரே எண்ணம் விரட்ட விரட்டத் திரும்பி வருவதை நாம் ‘வஸ்வாஸ்’ என்கிறோம். உளூவை மறுபடியும் மறுபடியும் செய்வோரைப் பார்த்திருக்கிறோம். கையை நான்காம் முறை கழுவியதும் மனம் அமைதி அடைவதில்லை. ஐந்தாம் முறையைக் கேட்கிறது. ஹெர்பீஸ் அச்சமும் அத்தன்மையதே. கண்ணாடியில் பார்த்ததும் ஒரு நொடி நிம்மதி. அடுத்த நொடி மறுபடியும் ஐயம். தியாகராய நகரில் ஒரு கூடத்தில் ‘இல்லை’ என்ற முடிவு வந்தும், அடையாற்றில் இன்னொரு கூடத்திற்குச் செல்லத் தூண்டும். சோதனை பெருகப் பெருக ஐயம் பெருகுமேயன்றிக் குறையாது.

இதனை ஆயிரமாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த முஸ்லிம் அறிஞர் ஒருவர் இருந்தார். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகரத்தவரான அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அப்பெரியார் 934-ஆம் ஆண்டில் மறைந்தவர். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற தம் நூலில் உடல்நலத்திற்கு ஒரு பகுதியும் உளநலத்திற்கு ஒரு பகுதியும் வைத்து, கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். உடலுக்கு நோய் வருவது போலவே உள்ளத்திற்கும் வரும். அதற்கும் மருந்து தேட வேண்டும் என்பது அவர் கொள்கை. உடம்புக்கு எதிர்பாராமல் வரும் நோய்க்கென வீட்டில் மருந்து சேமித்து வைக்கிறோம் அல்லவா? அதுபோல், மனம் தெளிந்திருக்கும் வேளையில் நல்ல சிந்தனைகளைச் சேமித்து வைத்து, கலங்கும் வேளையில் எடுத்தாள வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார்.

அதனை நம் காரியத்தில் எவ்வாறு கையாளலாம்? மனம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் ஒரு தாளில் எழுதுங்கள்: ‘இது உயிர் குடிக்கும் நோயன்று. எனக்கு மருந்து உண்டு. ஆண்டுகள் செல்ல இது குறையும். தட்டாலும் துணியாலும் என் பிள்ளைக்கு இது போகாது.’ அச்சம் எழும்போது கைப்பேசியை எடுக்காமல் அத்தாளை எடுத்துப் படியுங்கள். உடம்பைப் பார்ப்பதற்கு நாளில் ஒரே ஒரு வேளையை, குளிக்கும் நேரத்தை, வைத்துக் கொள்ளுங்கள். மற்ற வேளையில் குத்தல் தோன்றினால், ‘குளிக்கும்போது பார்த்துக் கொள்வோம்’ என்று தள்ளி வையுங்கள். முதல் வாரம் கடினமாக இருக்கும். நாள்தோறும் தள்ளிப் போடப் போட அவ்வுந்துதல் வலுவிழக்கும். ஒருமுறை முறையாகச் சோதித்து மருத்துவர் முடிவு சொன்னபின் மறுசோதனைக்குப் போகாதீர்கள். கணவரிடமோ மனைவியிடமோ, ‘ஒன்றும் ஆகாதே, ஒன்றும் ஆகாதே’ என்று நாள் முழுதும் உறுதிமொழி கேட்பதும் அதே சுழல்தான், அதனையும் குறையுங்கள். இவ்வளவுக்குப் பின்னும் உறக்கம் கெட்டு, உணவு கெட்டு, தொழுகையில் மனம் நில்லாமல் போனால், மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

வணக்க வழிபாட்டிலும் ஐயம் எழுவதுண்டு. புண்ணிலிருந்து நீர் கசிந்தால் உளூ முறியுமா என்பதில் ஷாஃபிஈ மத்ஹபுக்கும் ஹனஃபீ மத்ஹபுக்கும் வேறுபாடு உண்டு. உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் ‘புண்ணிலிருந்து நீர் கசிகிறது’ என்று மட்டும் சொல்லிக் கேளுங்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

சென்னை கற்றுத்தந்த பாடம்

இவற்றைவிடப் பன்மடங்கு பெரிய அச்சத்தைக் கண்டு கடந்த நகரம் சென்னை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். நோயாளியைத் தொடவும் பலர் அஞ்சிய காலம் அது. டாக்டர் சுனிதி 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பைத் தொடங்கினார். பின்னர் தரமணி வி.எச்.எஸ். வளாகத்தில் இயங்கிய அது, சோதனையோடு ஆறுதலையும் ஆலோசனையையும் சேர்த்து வழங்கியது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குள் மணம் பேசி முடித்து வைக்கும் பணியையும் அவர் செய்தார். 2015-இல் அவர் மறைந்தார். 2017-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. அத்தகைய கிருமியோடும் மனிதர் மணந்து, பிள்ளை பெற்று, வாழ்ந்து காட்டியிருக்கும் ஊரில், ஹெர்பீஸ் வந்தவர் ‘என் வாழ்வு முடிந்தது’ என்று எண்ணலாமா?

இன்னொரு பாடம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1995-இல், உறவினரின் சிகிச்சைக்காகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்து இரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, செய்தி வெளியாகி, நிச்சயிக்கப்பட்டிருந்த அவர் திருமணம் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமையாயினும், அறியாமல் ஆபத்துக்கு உள்ளாகவிருக்கும் மணப்பெண்ணின் நலன் அதனினும் மேலானது என்று 1998-இல் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பில் திருமண உரிமை குறித்துச் சொல்லப்பட்டவை அவ்வழக்குக்குத் தேவையற்றவை என 2002-இல் அந்நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. ஹெர்பீஸ் அதுபோல் உயிருக்கு ஆபத்தான நோயன்று. எனினும், உடன் வாழப் போகிறவர் அறிந்து சம்மதிக்க வேண்டும் என்ற அறம் இதற்கும் பொருந்தும்.

ஆகவே, மறைவிட ஹெர்பீஸ் உறுதியானவர் நிக்காஹுக்கு முன்பே அதனைத் தெரிவித்து விடுவது நலம். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். தரகரிடமும் சொல்ல வேண்டாம். மணக்கவிருப்பவருக்கும், அவர் நம்பும் ஒரு பெரியவருக்கும் மட்டும், மருத்துவரை முன்வைத்துக் கொண்டு சொல்லலாம். கேட்டவர் மறுத்தாலும் அதனை அமானிதமாகக் காக்க வேண்டும். திருமணமானவர் தம் துணையிடம் சொல்வதற்கு, சண்டை ஓய்ந்த, பிள்ளைகள் உறங்கிய ஒரு வேளையைத் தேர்ந்து கொள்ளட்டும். ‘இன்ன நோய் இருக்கிறது, இன்ன மருந்து உண்கிறேன், உன்னைக் காக்க இன்னது செய்கிறேன், என்னோடு மருத்துவரிடம் வா’ என்ற நான்கு வாக்கியங்கள் போதும்.

தாய்மார்கள் கவனத்திற்கு

கருவுற்ற சகோதரிகளின் அச்சம் தனி. முன்பே இந்நோய் உள்ள தாயின் காப்புப் பொருள் குழந்தைக்கும் செல்வதால், அவளுக்குப் பிறக்கும் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கருவுற்ற கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான் ஆபத்து மிகுதி. அப்போது நூற்றுக்கு 30 முதல் 50 வரை குழந்தைக்குச் செல்லக் கூடும். எனவே, கணவருக்கு நோய் இருந்து மனைவிக்கு இல்லையெனில், கடைசி மூன்று மாதங்கள் விலகியிருப்பதே பாதுகாப்பு. நோயுள்ள தாய்க்கு 36-ஆம் வாரம் முதல் மாத்திரை தருவர். பிரசவ வேளையில் புண் இருந்தால் அறுவை சிகிச்சையால் குழந்தையை எடுப்பர். மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வதொன்றே தாயின் பொறுப்பு. தொடர் கருச்சிதைவுக்கு ‘டார்ச்’ சோதனை தேவையில்லை என்பதே பன்னாட்டு மகப்பேறு வழிகாட்டுதல்களின் நிலை என்பதையும் நினைவிற் கொள்க.

பச்சிளம் குழந்தையைக் காண வருவோருக்கும் ஒரு வேண்டுகோள். உதட்டில் கொப்புளம் உள்ளவர் எவராயினும், பாட்டியாரே ஆயினும், பிறந்த சில வாரக் குழந்தையை முத்தமிடலாகாது. பேரீச்சம்பழத்தை மென்று அண்ணத்தில் தடவும் தஹ்னீக்கையும் அவர் செய்யலாகாது. உதடு நலமாக உள்ள மற்றொருவர் செய்யட்டும். கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தொடுவதும் கூடாது. கண்ணில் ஹெர்பீஸ் வந்தால் பார்வைக்கே கேடு. கண் சிவந்து வலித்தால், கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்காமல் உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

எங்கே செல்வது?

பேருந்து நிலையச் சுவர்களில் ‘இரகசிய நோய்களுக்கு நிரந்தரத் தீர்வு’ என்ற விளம்பரங்களைக் காண்கிறோம். இன்ன தேதியில் இன்ன விடுதியில் தங்குகிறோம் என்று அறிவித்து, அறைக்குள் அழைத்து, பொடியும் லேகியமும் தந்து, பணத்தைப் பறிப்போர் உளர். நரம்பு முடிச்சில் உறங்கும் கிருமியை நாற்பது நாளில் வேரறுப்பதாக எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். தானே ஆறும் புண்ணை ‘நான் ஆற்றினேன்’ என்று காட்டுவது எளிது.

அரசு மருத்துவமனைகளில் தோல், பால்வினை நோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. தென்சென்னையினருக்கு இராயப்பேட்டை அரசு மருத்துவமனை அருகில் உள்ளது. சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள அரசுப் பொது மருத்துவமனையில் இந்நோய்களுக்கெனவே சென்னை மருத்துவக் கல்லூரியின் பழம்பெரும் துறை இயங்குகிறது. ‘சுகவாழ்வு மையம்’ என்ற பலகையைக் கண்டால் அங்கே தயங்காமல் செல்லலாம். இரண்டாம் வகைக் கிருமி உள்ளவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்பதால், ‘நம்பிக்கை மையத்தில்’ அச்சோதனையையும் ஒருமுறை செய்து கொள்வது நன்று. முகம் காட்டாமல் கேட்க விரும்புவோர்க்கு 1097 என்ற தேசிய உதவி எண் உண்டு. மனக்கலக்கத்திற்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால், 1986 முதல் சென்னையில் பணியாற்றும் சிநேகா அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழையுங்கள். அங்கே உங்கள் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்பார்கள்.

வாசகர்களே, இதனை நீங்கள் படித்து முடித்ததும் மடித்து மறைத்து வைக்காதீர்கள். வீட்டில் வயது வந்தோர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் நெடுநாளாகச் சொல்லத் தயங்கிக் கொண்டிருக்கலாம். அவர் வாய் திறக்கும் நாளில், ‘எப்படி வந்தது?’ என்று முதலில் கேட்காமல், ‘மருத்துவரிடம் எப்போது போகலாம்?’ என்று கேளுங்கள். நோய் தருபவனும் நிவாரணம் தருபவனும் இறைவனே. நிவாரணத்தைத் தேடிச் செல்வது நம் பொறுப்பு. தேடிச் செல்பவரின் துணைக்கு உடன் நடப்பது குடும்பத்தின் பொறுப்பு.